அரைப்பு அறைச் சுவர்

1909-ஆம் வருஷம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் செய்தி வந்தது. தாணுமாலையன் ஆசாரி அரைப்பு அறைச் சுவரில் இரண்டு தரம் கடப்பாரையைப் போட்டிருந்தான். மூன்றாவதுக்குக் கையை ஓங்கும்போது அவனுடைய மதினி முற்றத்திலிருந்தே கூவினாள்.

“ஏய்யா தாணு, கீழ போடும்யா அதை! நீலா வாந்தி எடுக்கா. நாள் தள்ளியிருக்காம்!”

நீலாம்பாள் கடைசித் தம்பியின் மனைவி. வீடே சிரித்தது. சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்த கோமு கையைக் கழுவிவிட்டுப் போய், நீலாவின் வாயில் சீனி போட்டாள். மனசாரத்தான் போட்டாள். திரும்பி வந்தபோது அவள் புருஷன் தாணு கடப்பாரையை மூலையில் சாத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஊனம் வரும். ஊர் முழுக்க உள்ள நம்பிக்கைதான். வீட்டுவேலையே தொழிலாக இருந்த அந்தக் குடும்பத்தில் அது இன்னும் கெட்டி.

ஸ்ரீவைகுண்டத்தில் அவர்களை ஆசாரி வீடு என்றால் போதும். கொத்தனார் சுவர் எழுப்பிக் கூரை போட்டுப் போனபின் அண்ணன் தம்பி மூவரும் உள்ளே நுழைவார்கள். நிலை, கதவு, மச்சு, ஊஞ்சல், சாமி அறை, முகம் தெரிகிற மாதிரி வழவழக்கும் சுவர், எல்லாம் அவர்கள் கை. “பேரன் காலத்திலயும் மாத்த வேண்டாம்வே” என்பது மூத்தவர் தில்லைநாயகத்தின் வாய்ச்சொல். திசையன்விளையிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். “உங்க ஜன்னல் போட்ட பெறவு எனக்கு விசிறிக்காரன் வேண்டாம் அண்ணாச்சி” என்று ஏரல் காஜா முகைதீன் சொன்னதைத் தில்லைநாயகம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வழவழப்புக்கு வேண்டிய சுண்ணாம்பை அரைத்தவள் கோமு. கடுக்காய்த் தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைக்க வேண்டும். காற்றுப்பட்டால் இறுகிவிடும் என்று மாமனார் அந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. பதினாறு வயதில் வந்தவள், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அதற்குள்தான். அவள் அரைத்ததைப் பூசிய சுவர் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

“ஊருக்கெல்லாம் காத்து விக்குதிய. வீட்டுக்காரிக்கு ஒரு முழம் குடுக்க மாட்டியளா?” என்று தாணுவிடம் கேட்டாள். கல்யாணமான மறுவருஷம் அது. தாணு வேம்பில் ஒரு சின்ன ஜன்னல் செய்து வைத்தான். ஈரத்துணியால் மூடினால் சுண்ணாம்பு இறுகாது என்று அண்ணனையும் சம்மதிக்க வைத்தான். ஆனால் அப்போது மதினி முழுகாமல் இருந்தாள். பெற்றுத் தேறுவதற்குள் மறுபடியும். பிறகு இன்னொன்று. கோமுவால் மட்டும் அந்த ஜன்னலுக்கு ஒருநாளும் தடை வரவில்லை. ஐந்து வருஷம் கழித்து ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். அதுதான் அந்த வெள்ளிக்கிழமை.

அடுத்த வாரம் அவளுக்கு ஒன்று தோன்றியது. இடிக்கத்தானே கூடாது? சுரண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அறை பின்னால் இழுத்துக் கட்டியது, ஒற்றைச் செங்கல் சுவர். கடப்பாரை பட்டுக் காரை உதிர்ந்த இடத்தில், பழைய கொத்துக்கரண்டியின் முனையால், தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினாள். ஆடி முடிவதற்குள் ஒரு செங்கல் கையோடு வந்தது. புரட்டாசிக்குள் மூன்று. அரைக்கும்போது எடுத்து வைப்பாள். யாராவது வந்தால் செருகி, அங்கே கிடந்த பழைய கதவுப் பலகை ஒன்றை அதன்மேல் சாய்த்து மறைத்துவிடுவாள். ஓட்டை வழியே வாழைத்தோட்டம் தெரிந்தது. அதற்கப்பால் வாய்க்காலில் வெயில் தெரிந்தது. முதல் நாள் அரைப்பை மறந்து முகத்தை அதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அன்று சுண்ணாம்பு இறுகித்தான் போனது.

தை மாதம் நீலாவுக்குப் பெண் பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

“ஏலே தாணு, ரெண்டு கொத்து கொத்தினியே, பாத்தியாலே?” என்றார் தில்லைநாயகம்.

“தெரியாம விழுந்த கொத்து தானண்ணே.”

“பிள்ளைக்குத் தெரியுமாலே அது?”

 அன்றே தாணு வேம்பு ஜன்னலைப் பிரித்து அடுப்புக்குப் போட்டான். கோமு கதவோரம் நின்று பார்த்தாள். தன் நாலு மாதச் சுரண்டலை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எந்தச் சுவரையும் தொடாத வீட்டிலும் அப்படிப் பிள்ளை பிறப்பதுண்டு. அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மறுநாள் மத்தியானம் தானே அரைத்த சுண்ணாம்பால் செங்கற்களைத் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். ஒன்று வைத்தாள். இரண்டாவதும் வைத்தாள். மூன்றாவதைத் துளையில் செருகி, பூசக் கரண்டியில் சுண்ணாம்பு எடுக்கும்போது நீலாவின் அழுகுரல் கேட்டது. “அக்கா, பிள்ளை சப்ப மாட்டேங்கு, செத்துப் போயிரும் போலிருக்கு!”

கோமு ஓடினாள். பஞ்சுத்திரியைப் பாலில் நனைத்துத் தொண்டைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆறு மாதம் அப்படித்தான் விட்டாள். பிள்ளை பிழைத்தது, அவளுடைய மடியைவிட்டு இறங்கவில்லை. அதற்குப்பின் அவள் ஜன்னல் என்ற சொல்லை எடுத்ததில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கதவுப் பலகைக்கு முதுகைக் காட்டி அரைத்தாள்.

ஒன்பது வருஷம் கழித்து, ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவிய ஐப்பசியில், நாலு நாள் படுத்துக் கோமு போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வெள்ளையடிக்க அரைப்பு அறையை ஒழித்தார்கள். தாணு கதவுப் பலகையை நகர்த்தினான். சுவரைத் தடவிய கையோடு ஒரு செங்கல் அசைந்து வந்தது. பக்கத்து இரண்டையும் அசைத்துப் பார்த்தான். அவை அசையவில்லை, அவள் அரைப்பு அப்படி. கையிலிருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தான். நாலு பக்கமும் சுத்தமாகச் சுரண்டியிருந்தது. இதற்கு மட்டும் அவள் சுண்ணாம்பு வைக்கவில்லை.