குற்றாலம் முத்திரையிட்ட மொட்டைக் கடிதம்

மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாமாவின் கைக்கடிகாரம் என் கையில்தான் இருந்தது. மேட்ச் நாட்களில் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். பார்த்துக்கொண்டே இருந்தால் பயம் வரும் என்பார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம். எங்கள் கால்பந்து கிளப் ஒரு கோல் முன்னால். ஜெயித்தால் அடுத்த வருஷம் லீகில் முதல் டிவிஷன். டிரா ஆனால் பழைய இடமே. செங்கோட்டைக் கணவாய்க் காற்று எதிரணியின் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவன் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து சும்மா தூக்கி அடித்த பந்து, காற்றில் ஏறி, சாரலில் நனைந்து, எங்கள் கீப்பரின் இரண்டு கைகளுக்குள்ளும் வந்து, இரண்டையும் விட்டு வலைக்குள் போயிற்று.

இதை இப்போது எழுதக் காரணம் என் கைபேசி. என் மகன் ஆடும் அணியும் போன வாரம் மேல் டிவிஷனைத் தவறவிட்டது. பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று ஓட்டெடுப்பு நடக்கிறது. நேற்றுக் காலை பெயர் தெரியாத ஓர் எண்ணிலிருந்து நீளமான செய்தி வந்தது. தப்பு முழுக்கக் கோச்சுடையது, பிள்ளைகள் மேல் ஒன்றுமில்லை என்று வரிசையாக எழுதியிருந்தது. யார் எழுதியது என்று எல்லோரும் துப்புத் துலக்குகிறார்கள். மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் ஓட்டுப் போடவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பகலில் செங்கோட்டை மரக்கடை ஒன்றில் தடிகளுக்கு அளவு பிடிப்பார். மாலையில் தென்காசியில் கிளப்புக்கு மேனேஜர். மேனேஜர் என்றால் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவது, தோற்றால் திட்டு வாங்குவது எல்லாம் சேர்ந்த உத்தியோகம். எனக்குப் பதினொரு வயது. எலுமிச்சம்பழத்தில் நானும் உதவுவேன்.

கிளப்பின் அலுவலகம் ஒரு சைக்கிள் கடையின் மாடி. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடை வாசலில் மாமாவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லாம கெடந்த டீம ஆறு வருஷத்துல இம்புட்டுத் தூரம் கொண்டாந்தது யாருலே? அண்ணாச்சிய மாத்திட்டு ஒங்க தாத்தாவையா கூட்டிட்டு வரப்போற?"

"கொண்டாந்தாருவே. வாசல்லயே நிப்பாட்டிட்டாருல்லா! சாயங்காலம் காத்து அடங்கும்னு மொத பாதியில காத்தோட ஆடவிட்டது யாரு? சாரல் நேரத்துல கணவாக்காத்து அடங்காதுன்னு எங்க வீட்டு ஆட்டுக்குக்கூடத் தெரியும்."

மாமா சைக்கிளை நிறுத்தியதும் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. "வாங்கண்ணாச்சி, டீ சொல்லட்டுமா?" என்றார்கள். அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் அந்த அளவில்தான் நின்றது.

கீப்பரைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. அவர் மாமாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அடுத்த தெரு. சவூதியில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது கிளப்புக்கு ஆடுவார். முதல் நாள், "எண்ணெய்க் கிணத்துக் கைலே, வழுக்காம என்ன செய்யும்" என்று சிரித்தார்கள். இரண்டாம் நாள், மேட்சை விற்றுவிட்டான் என்றார்கள். மூன்றாம் நாள், அந்தத் தெரு ஆட்களே அப்படித்தான் என்று, பேச்சு அவரை விட்டுவிட்டு அவர் தெருவைப் பிடித்துக்கொண்டது. கீப்பரின் அம்மா குழாயடிக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று புதன்கிழமை காலை அம்மா சொன்னாள். மாமா தட்டில் இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தார்.

பந்து ஏன் நழுவியது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த மூன்றாவது ஆள் நான். முந்தின நாள் பயிற்சியில் கீப்பரின் வலது கையில் இரண்டு விரல்கள் பிசகியிருந்தன; அதை அவர் அணியில் யாருக்கும் காட்டவில்லை. மேட்சுக்கு முன்னால் மைதானத்துப் புளியமரத்தின் மறைவில் அவர் மாமாவிடம் கெஞ்சினார்.

"அடுத்த லீவுக்கு வாரப்போ எனக்கு முப்பத்தஞ்சுலே மாப்ள. அப்புறம் எவன் என்னை நிக்கவிடுவான்? இந்த ஒண்ண மட்டும் ஆடிட்டுப் போயிருதேன்."

முடியாது என்று மாமா இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை தன் கைக்குட்டையைக் கிழித்து, இரண்டு விரல்களையும் சேர்த்துக் கட்டி, மேலே கையுறையை மாட்டிவிட்டார். "வெளிய சொல்லாதட்டி" என்று இருவரும் என்னிடம் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம். புதன்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்ததும் மாமா என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார்.

"ஒன் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். நான் சொல்லுதேன், நீ எழுது."

கிளப்பின் நலம் விரும்பி எழுதிக்கொள்வது என்று கடிதம் ஆரம்பித்தது. மேனேஜருக்குக் காற்றும் தெரியாது, ஆட்டமும் தெரியாது. இளவட்டங்களுக்கு வாய்ப்புத் தரமாட்டார். என்னால் முடியாது என்று கீப்பர் மன்றாடியும், அவரை மிரட்டி உடைந்த விரலோடு களத்தில் இறக்கினார். நம்பாதவர்கள் போய் விரலைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட மேனேஜர் கிளப்புக்கு அவமானம்.

நான் பென்சிலை நிறுத்தினேன். "அவங்கதான மாமா கெஞ்சுனாங்க? நீங்க வேண்டாம்னுல்லா சொன்னீங்க?"

"எழுதுட்டி."

"பொய்லா மாமா? நீங்களே கூட்டத்துல உள்ளதைச் சொன்னா என்ன?"

"நான் சொன்னா கூட்டாளிக்காகப் பேசுதாம்பானுவ. பேரு போடாத கடுதாசி சொல்லட்டும், வேதவாக்கும்பானுவ. நம்மூரு அப்படி."

தென்காசித் தபால்பெட்டியில் போட்டால் உள்ளூர் வேலை என்று தெரிந்துவிடும். ஆகவே பஸ் ஏறிக் குற்றாலம் போனோம். சீசன் கூட்டத்துக்கு நடுவே நான்தான் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டேன். குளிக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்ததால் மாமா என்னை அருவி ஓரத்தில் தலையை மட்டும் நனைக்கச் சொன்னார். என் வாயை அடைக்க ஒரு பை மங்குஸ்தான் வாங்கித் தந்தார். ஒன்றைக்கூட உரிக்காமல் வீடு வரை சுமந்து வந்தேன்.

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மாமா மறந்துபோன ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. கீப்பரின் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. இரண்டு வருஷமாக மகனுக்கு அவர் சொல்லச் சொல்லச் சவூதிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நான்தான். என் எழுத்தை இந்த உலகத்திலேயே அதிகம் படித்தவர் கீப்பர். மொட்டைக் கடிதம் எழுதினால் போலீஸ் கைரேகை எடுக்கும் என்று பக்கத்துப் பெஞ்சுக்காரி வேறு எப்போதோ சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொல்லிவிட நினைத்தேன். அவர் மேட்சுக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சாக்கில் கடையில் நின்றேன். கீப்பர் கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் சவூதிக்குக் கிளம்ப வேண்டியவர். மாடியில் செக்ரட்டரி கடிதத்தை உரக்கப் படித்தார். குற்றாலம் முத்திரை என்றதும், "சீசனுக்கு வந்த எவனோ விவரமானவன்" என்று ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது. ஓர் ஆள் கீப்பர் வீட்டுக்கு ஓடி, எதற்கென்று சொல்லாமல் விரலைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். "நெசந்தான்வே. கொழுக்கட்ட மாதிரி வீங்கிக் கெடக்கு."

"எல்லாம் உண்மைதான்" என்ற மாமாவின் குரல் கேட்டது. அப்புறம் நாற்காலிகள் நகர்ந்தன. ஆறு வருஷ மேனேஜரை அனுப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கீழே வந்தபோது அவர் கழுத்தில் விசில் இல்லை. வீடு வரும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மா அழுதாள். மாமா எலுமிச்சம்பழம் நறுக்கும் கத்தியைக் கழுவித் துடைத்து அடுக்களையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கீப்பரின் அம்மா குடத்தோடு குழாயடிக்கு வந்தார். பெண்கள் வழிவிட்டு, மகனின் விரல் எப்படியிருக்கிறது என்று கேட்டார்கள். நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குக் கீப்பர் வந்தார். கையில் பெட்டி, விரல்களில் புதுக்கட்டு. செக்ரட்டரியிடம் கேட்டு வாங்கியிருந்த எங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா பேச்ச இந்த எழுத்துலதானட்டி ரெண்டு வருஷமா அங்கன கெடந்து படிச்சேன். எனக்குத் தெரியாதா?"

நான் அழ ஆரம்பித்தேன். "புள்ளய விடுலே" என்றார் மாமா.

"செக்ரட்டரி வீட்டுக்குப் போயி நெசத்தச் சொல்லிட்டுத்தான் வாரேன் மாப்ள. நாந்தான் கெஞ்சுனேன், அவன் வேண்டாம்னுதான் சொன்னாம்னு. முதுகுல தட்டிக் குடுக்காருலே அந்த மனுசன்! 'கூட்டாளிக்காகப் பேசுதீரு, ஒம்ம மனசு யாருக்கு வரும்'ங்காரு."

மாமா சிரித்துவிட்டார். கீப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பார்த்தவரை, தப்பு என்பது எல்லோரும் பக்கத்துப் பெஞ்சுக்குத் தள்ளிவிடும் ஒன்று. வளர்ந்த இரண்டு ஆண்கள் அதை எனக்கு உனக்கு என்று பிடித்து இழுப்பது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. போலீஸ் வருமா என்பது மட்டுமே என் கவலை.

விமானம் ஏறத் திருவனந்தபுரம் போகும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கீப்பர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"ஏட்டி, அழாத. பேரு போடாத கடுதாசியத்தான நம்புதானுவ, இன்னொண்ணு திருவனந்தபுரத்துலருந்து வரட்டும். நோட்டுல ஒரு தாளக் கிழி. நான் சொல்லுதேன், நீ எழுது."