ஒன்பது சவுரியும் ஒரு கொடியும்

“...வெட்டிவேரும் மகிழம்பூவும் போட்டுக் காய்ச்சின எண்ணெய் வாசனைன்னா இது, பொன்னம்மா. என் தலைக்கு இது எப்படி வந்தது?” என்று வக்கீல் வீட்டு ரங்கநாயகி அம்மாள், பாதி பின்னிய ஜடையை முன்னால் இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு கேட்டபோது, நான் அந்த வீட்டுக் கொலுவுக்கு எதிரே உட்கார்ந்து கடலைச் சுண்டலை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு வாயில் இருந்த கடலையை மெல்லவும் பயமாக இருந்தது. கேட்கப்பட்டவள் என் அம்மா. அவள் கையில் சீப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். அப்பாவுக்கு அரண்மனை லாயத்தில் குதிரை பார்க்கிற வேலை கிடைத்ததால் ஊரை விட்டு வந்தவர்கள். அம்மா முதலில் அக்கிரகாரத் தெருவில் பூக்கூடை தூக்கி விற்ற “ஹூவாடகித்தி”. பூக்காரியைக் கன்னடத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணுக்கு ஜடை தைக்க வரவேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட, முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று எல்லோரும் கையைப் பிசைந்து நிற்க, பூக்கொடுக்கப் போன அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, வாழைப்பட்டையில் மல்லிகை மொக்கை வரிசை வரிசையாகத் தைத்து, நடுவில் கனகாம்பரமும் மருக்கொழுந்தும் வைத்து, பெண்ணின் முதுகு தெரியாமல் ஒரு “மொக்கு ஜடை” பண்ணிவிட்டாளாம். யாரிடமும் கற்றதில்லை. “பூவைக் கட்டத் தெரிஞ்ச கைக்கு முடியைக் கட்டத் தெரியாதா?” என்பாள். அன்றிலிருந்து பூக்காரி பொன்னம்மா ஜடைக்காரி பொன்னம்மா ஆனாள்.

ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிட வேண்டுமே, அது எப்படி? அதற்கு அம்மா கண்டுபிடித்த வழி என் தலை. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை உட்கார்த்தி, கல்யாணப் பெண்ணுக்குப் பண்ணுகிற அத்தனை வேலையையும் என் தலையில் பண்ணி, தெருவுக்குத் துரத்திவிடுவாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தரம் நடக்கவேண்டும். யாராவது கூப்பிட்டால் நிற்கலாம், ஆனால் “நின்னா முதுகைக் காட்டி நில்லு கண்ணு” என்பது கட்டளை. அதனால் அந்தத் தெருவில் பல பேருக்கு என் முகமே தெரியாது. முதுகை மட்டும் நன்றாகத் தெரியும். அரிப்பு எடுத்தால் சொறியக்கூடாது, அஞ்சாங்கல் ஆடக்கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை ஜோசியர் வீட்டுப் பசு சத்தமில்லாமல் பின்னால் வந்து என் ஜடையின் பாதியைத் தின்றுவிட்டது. நான் அழுதுகொண்டு ஓடிவந்தால் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மாடு தேடி வந்து தின்ற ஜடை என்று அந்த வாரமே மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தது.

வந்தவர்களை விடாமல் வைத்துக்கொள்வதற்கு அவளிடம் வேறு சாமர்த்தியம் இருந்தது. “தலையைக் கையில குடுக்கறவங்க மனசையும் சேர்த்துத்தான் குடுக்கறாங்க, ரெண்டையும் சிந்தக்கூடாது” என்பாள். முடி உதிர்ந்திருக்கிறது என்று யாரிடமும் சொல்லமாட்டாள். வெயில் அப்படி என்பாள், மழைக்காலத்திலும். ஒரு வீட்டில் கேட்டது இன்னொரு வீட்டுப் படி ஏறாது. பதினாலு வீடு அவளுக்கு வாடிக்கை. பதினாலு வீட்டிலும் “முதல்ல இங்கதானுங்க வர்றேன்” என்று சொல்லியிருந்தாள். அது பொய்யில்லையா என்று நான் கேட்டதற்கு, “மரியாதை” என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேலே சவுரி ரகசியம். அந்தக் காலத்துப் பெண்கள் சீப்பில் வந்த முடியைத் தூக்கி எறியாமல் சுருட்டிச் சுவர் மாடத்தில் சேர்த்து வைப்பார்கள். அம்மா அதை வாங்கி வந்து சிக்கெடுத்து, நீளம் பார்த்து அடுக்கி, ஜடையோடு சேர்த்துப் பின்னுகிற சவுரியாகக் கட்டி அவரவர்க்கே திருப்பிக் கொடுப்பாள். அவரவர் முடி அவரவர்க்கு, அதுதான் சட்டம். “அடுத்தவ முடியை வெச்சா அவ தலையெழுத்தும் கூடவே வந்துரும்” என்று அந்தத் தெருவே நம்பியது. பதினாலு வீட்டில் ஒன்பது வீட்டு அம்மாமார்கள் சவுரி வைத்திருந்தார்கள். ஒன்பது பேரும் தெருவில் தான் ஒருத்திதான் சவுரி வைக்கிறவள், மற்ற எல்லாருக்கும் சொந்த முடி என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த ஒன்பதையும் பூக்கூடைக்கு அடியில், வாழை இலைக்குக் கீழே சுமந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல் நடப்பாள்.

ரங்கநாயகி அம்மாளுக்கு ஏக்கம் ஒரே ஒரு ஜடையைப் பற்றித்தான். எதிர்வீட்டு அலமேலு அம்மாளின் ஜடை. இருவரும் அத்தை மகள், மாமன் மகள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஓர்ப்படிகள் ஆனவர்கள். பாகப்பிரிவினையில் சண்டை ஆரம்பித்து, மாமியார் தன் கைப்பட எழுதிய தலை எண்ணெய்ப் பக்குவத்தைச் சின்ன மருமகள் அலமேலுவுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கண்மூடியதில் முற்றி, பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. அலமேலு அம்மாள் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து மாடியில் ஈரம் உலர்த்தினால் அந்த எண்ணெய் வாசனை தெருவைத் தாண்டி வரும். பெரியவள் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். சாத்துவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தசரா வந்தால் அம்மாவுக்கு ஓய்வே கிடையாது. கொலுவுக்கு முந்தின வாரம் ஒன்பது சவுரியையும் வாங்கி வந்து சீயக்காய் போட்டு அலசி, கொல்லையில் கொய்யா மரத்திலிருந்து கட்டிய கொடியில் காயப்போடுவாள். அடையாளத்துக்கு நூல் கட்டமாட்டாள்; நூலைப் பார்த்து ஊர் கண்டுபிடித்துவிடுமாம். தெருவில் வீடு எந்த வரிசையோ கொடியில் சவுரியும் அந்த வரிசை. அந்த வருஷம் அவள் பூ மண்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மழை வந்தது. வீட்டில் இருந்த அப்பா, பெண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணுகிற சந்தோஷத்தில் ஒன்பதையும் ஒரே வாரலாக வாரி, உள்ளே கொண்டுபோய், லாயத்தில் குதிரை வாலுக்குப் பண்ணுவதுபோல் வழவழவென்று சீவி, ஒரே கட்டாகக் கட்டி ஆணியில் மாட்டிவிட்டார்.

அம்மா வந்து பார்த்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை குதிரைக்கு வால் சீவிவிட்டிருக்கிறேன், ஒன்றாவது மாறியதுண்டா என்று அப்பா சமாதானம் சொன்னார். மாறினாலும் எந்தக் குதிரை வந்து உங்களைக் கேட்கப்போகிறது என்றாள் அம்மா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பிரித்தாள். சுருட்டை, செம்பட்டை, நரை கலந்தது, கம்பிபோல் முரடு என்று ஏழு சவுரி தானே பேர் சொல்லிவிட்டது. மிச்சம் இரண்டு. ஒரே நீளம், ஒரே கருப்பு, ஒரே பட்டு. சண்டை போட்டால் என்ன, முடி ஒரே வம்சம் அல்லவா!

மோந்து பார்த்திருந்தால் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். பதினோரு வருஷ எண்ணெய் ஒரு சீயக்காய்க்கா போய்விடும்? ஆனால் அம்மாவுக்கு அது முடியாது. விடியற்காலையிலிருந்து மல்லிகைக்குள் முகத்தை வைத்திருந்து வைத்திருந்து, பூக்காரிகளுக்கு வருகிற மாதிரி அவளுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. சோறு அடிப்பிடித்தால் நாங்கள்தான் சொல்லவேண்டும். அந்த மூக்கைப் பற்றி வெளியே ஒருவருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் கேட்கவும் வழியில்லை, கேட்டால் ரகசியம் போச்சு. என்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் பத்து வருஷம் கையால் பிழைத்தவளுக்குக் கைமேல் இருந்த கர்வம் விடவில்லை. சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இது இவங்களுது, அது அவங்களுது என்று தீர்மானித்துவிட்டாள்.

கொலு ஐந்தாம் நாள் காலையில், அந்தத் தசராவுக்கு முதல் தடவையாக, அலமேலு அம்மாளுக்குச் சவுரி வைத்துப் பின்னிவிட்டு, மத்தியானம் அதே வேலைக்கு வக்கீல் வீட்டுக்கு வந்தாள். ரங்கநாயகி அம்மாள் அப்போதுதான் வெந்நீரில் குளித்துவிட்டு வந்திருந்தாள். தலைச் சூட்டில் சவுரி மெல்ல மெல்ல வாசனையைக் கக்க ஆரம்பித்தது. அந்தக் கேள்வி பிறந்த கதை இதுதான்.

அம்மா சீப்பை மடியில் வைத்தாள். பிறகு, தப்பு தன்னுடையதுதான் என்றும், கொடியில் மாறிப்போனதைத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்றும், அப்பாவின் பேரை இழுக்காமல், சவுரி யாருடையது என்பதையும் சொல்லாமல் ஒப்புக்கொண்டாள்.

“இது யாரோடதுன்னு நான் கேக்கலை. அது வாசனையே சொல்லிடுத்து,” என்றாள் ரங்கநாயகி அம்மாள். குரல் தணிந்துதான் இருந்தது. “என்னோடது எங்கே?”

“பத்திரமா ஒரு தலையில இருக்குதுங்க.”

ரங்கநாயகி அம்மாள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே வாசலில் மாக்கோலம், உள்ளே பாட்டுச் சத்தம், வருவோரும் போவோரும். அவள் முகத்தில் முதலில் அருவருப்பு வந்தது, அப்புறம் கோபம், அப்புறம் நான் அதுவரை அந்த முகத்தில் பார்க்காத ஒரு வெளிச்சம். ஊரே மெச்சிய ஜடை பாதி கட்டிவைத்த ஜடை!

“எத்தனை வருஷமா வெச்சுக்கறா?”

அம்மா சீப்பைத் துடைத்தாள்.

“பொன்னம்மா, உன்னைத்தான் கேக்கறேன். நீ சொல்லலேன்னா இனிமே இந்த ஆத்துப் படி ஏறவேண்டாம்.”

இந்த வீட்டுப் படி போனால் எல்லாம் போயிற்று என்பது எனக்கே தெரியும். பெரிய வீட்டம்மாள் யாரைக் கூப்பிடுகிறாளோ அவளைத்தான் மற்ற வீடுகளும் கூப்பிடும். தசரா பாதியில் நிற்கிறது. தை மாதக் கல்யாணங்கள் மூன்று பேசி வைத்திருக்கிறது. ஒரு வார்த்தை, ஐந்து வருஷம் என்றோ ஏழு வருஷம் என்றோ சொல்லிவிட்டால் தீர்ந்தது. அம்மா சொல்லிவிடவேண்டும் என்று நான் சுண்டல் கையோடு பொம்மைகளை வேண்டிக்கொண்டேன்.

“அதைச் சொல்ல மாட்டேனுங்கம்மா,” என்றாள் அம்மா. “இதே மாதிரி உங்களைப் பத்தி அங்க கேட்டாலும் சொல்ல மாட்டேனுங்க.”

சொல்லிவிட்டு சீப்பைக் கூடையில் வைத்தாள், வாழை இலையை மூடினாள், என்னைப் பார்த்து எழுந்திரு என்று தலையை ஆட்டினாள்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி இன்றைய சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். எதிரும் புதிருமாக இருந்த இரண்டு வீடும் இல்லை. ஒன்றில் மருந்துக்கடை, இன்னொன்றில் கண்ணாடிக் கதவு போட்ட பியூட்டி பார்லர். வாசலிலேயே சவுரிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பெண் நடுத்தெருவில் நின்று ஒன்றைத் தன் தலையில் வைத்துப் பார்த்து, கூட வந்தவளிடம் போட்டோ எடுக்கச் சொன்னாள். யாருடைய முடி அது என்று கேட்டேன். யாருக்குத் தெரியும் பாட்டி என்று சிரித்தாள். நல்ல பெண்தான். உள்ளே போய்த் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், சீவிவிடுகிறவளிடம் தன் மாமியாரைப் பற்றி எட்டுக்கட்டையில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒளிக்கிறதற்கு அவர்களிடம் ஒன்றுமே இல்லை. இவர்களை ஒரு வாடிக்கையில் கட்டிப்போட என் அம்மா என்ன பண்ணியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அன்றைக்கு ரங்கநாயகி அம்மாள், நாங்கள் கூடத்து நிலைப்படியைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஹோகலி பிடு,” என்றாள், போகட்டும் விடு என்று. “பூ வாடறது. வந்து பின்னு.” அம்மா திரும்பி வந்து, இந்தச் சவுரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாள். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பின்னல் முடிந்ததும் எழுந்து, புடவை மடிப்பை நீவிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பதினோரு வருஷமாகத் தாண்டாத அந்தத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுப் படி ஏறினாள். பாட்டு நின்றுபோனது. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த அலமேலு அம்மாள் வாயைத் திறப்பதற்குள், இவள் அவளுக்கு முன்னால் போய், முதுகைக் காட்டி, ஜடை அவள் மூக்குக்கு நேரே வரும்படி கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, “பாடு, கேக்கறேன்,” என்று பொம்மைகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.