சூடேறினால் சோர்ந்துபோகும் வண்டி

பன்னிரண்டு மணிக்கு மன்னார்குடியிலிருந்து பழைய வண்டிகளை உடைக்க வாங்கும் ஆள் வந்து வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவான். அதற்குள் அம்சவல்லிக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். வண்டி உண்மையிலேயே செத்துவிட்டதா, இல்லையா?

வயது நாற்பத்தேழு. இருபது வருஷம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். மகளைக் கட்டிக்கொடுத்த மறுவருஷம் திருத்துறைப்பூண்டியில் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தாள். "நாத்து முடிஞ்ச கை ஸ்டியரிங் புடிக்குதாம்டி" என்று சிரித்த தெருவுக்குள்தான் ஒரு பழைய ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். நாலு வருஷமாக, செவ்வாயும் வெள்ளியும், முத்துப்பேட்டை ரசியா பேகத்தை டயாலிசிஸுக்குத் திருவாரூர் அழைத்துப்போய்க் கூட்டிவருவது அவள்தான். கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லாத கதையெல்லாம் அந்த வண்டிக்குள் பேசியாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் வேன் இழுவை குறைந்து, குறைந்து, நடுரோட்டில் நின்றது. ஊசி குத்திய கையோடு ரசியா பேகம் ஒரு புங்கமரத்தடியில் அம்சவல்லியின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். ஆட்டோ வர முக்கால் மணி நேரம். "அழுவாதடி, எனக்கு ஒண்ணுமில்ல" என்று நோயாளி தேற்ற, டிரைவர் அழுதாள். அன்று சாயங்காலமே வெளிநாட்டிலிருந்து ரசியா பேகத்தின் மகன் பேசினான். "இனிமே வேற வண்டி பாத்துக்குறோங்க."

அந்த ஒரு வரி அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்ரஷன் இல்லக்கா. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கும். இஞ்சினை இறக்கணும். இந்த வண்டிக்கு அது தேவையா?" புருஷன் இராஜாங்கம் உடனே மன்னார்குடிக்குப் போன் போட்டுவிட்டான்.

ஞாயிறு விடிந்ததும் அம்சவல்லி முன்சீட்டைத் தூக்கினாள். அதற்கு அடியில்தான் இஞ்சின். மூன்று பிளக்கையும் கழற்றினாள். தீப்பொறி வராதபடி வயரைப் பிடுங்கினாள். இஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபடுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தாள்; அதை முதல் ஓட்டையில் முறுக்கினாள்.

"ஏங்க, ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு சாவியப் போடுங்க."

"செத்த மாட்டுக்கு நாடி பாக்குறியா?" என்றபடி இராஜாங்கம் ஏறி உட்கார்ந்தான்.

"பாக்குறேன். நீங்க மிதிங்க."

முள் நூற்று அறுபதில் நின்றது. அடுத்தது நூற்று ஐம்பத்தைந்து. மூன்றாவதும் கிட்டத்தட்ட அதேதான். சாகப்போகிற இஞ்சினுக்கு இவ்வளவு மூச்சா? அம்சவல்லி குழம்பிப்போனாள். பிறகு சட்டென்று நினைவு வந்தது. காலையில் கிளம்பும்போது வண்டி என்றைக்குமே தகராறு செய்ததில்லை. சூடேறினால்தான் சோர்ந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, வாய்க்கால் பாலம் வரை நாலு தடவை ஓட்டிவிட்டு வந்தாள். நாலாவது தடவை திக்கித் திணறித்தான் வீடு சேர்ந்தது. கை சுடச்சுட மறுபடி பிளக்கைக் கழற்றினாள். தொண்ணூறு. எண்பத்தைந்து. தொண்ணூறு.

"அதான் சொன்னானே, ரிங்குன்னு" என்றான் இராஜாங்கம்.

"இருங்க."

ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டாள். பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைக்கும், முள் ஏறும். ஏறவில்லை. எண்பத்தைந்து எண்பத்தைந்தாகவே நின்றது. அப்படியானால் காற்று கீழே போகவில்லை. மேலே, வால்வு வழியாகத்தான் கசிகிறது.

மேல்மூடியைத் திறந்தாள். வால்வை அமுக்கும் டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருந்தது. அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. ஆக மெல்லிய தகடும் நுழையவில்லை. சூட்டில் வால்வு நீண்டு, மூடவே இடமில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது!

"இத யாருங்க முடுக்குனது?"

திரும்பிப் பார்த்தாள். இராஜாங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான்" என்றான். "நீ போன வாரம் திருக்காட்டுப்பள்ளிக்கு விசேஷத்துக்குப் போயிருந்தீல்ல, அப்ப. கட கடன்னு சத்தம் போடுதே, அந்தம்மாவுக்குத் தலைய வலிக்குமேன்னு…"

"எத வச்சு அளந்தீங்க?"

"சவர பிளேடுதான். வயல்ல நம்ம ஆயில் இஞ்சினுக்கு வப்பேனே, அதே மாரி. ஒரு பிளேடு கனம்."

குத்தகை வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இஞ்சினை இருபது வருஷமாக ஒரு பிளேடைக் கொண்டே ஓடவைத்தவன். அந்த நம்பிக்கையில் செய்தது; வேனுக்கு அந்த இடைவெளி போதவில்லை. ஆசையாகச் செய்த காரியமே அவள் பிழைப்பின் கழுத்தை நெரித்திருக்கிறது என்று இப்போதுதான் அவனுக்கும் புரிந்தது. கண் கலங்கிவிட்டது.

அம்சவல்லிக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. திட்ட வாய் திறந்தவள், ஸ்பேனரை அவன் கையில் வைத்தாள். "புடிங்க. நான் சொல்லச் சொல்லத் தளத்துங்க."

அரைமணியில் முள் நூற்று அறுபதைத் தொட்டது. அந்தச் சூட்டிலேயே தொட்டது! இராஜாங்கம் யாரும் சொல்லாமலே போனை எடுத்து, மன்னார்குடி ஆளிடம் வரவேண்டாம் என்றான்.

உச்சிவெயிலில் முத்துப்பேட்டைக்கு விட்டார்கள். வண்டி ஓரிடத்தில்கூடத் திணறவில்லை. வாசலில் ரசியா பேகம் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"வெயிலுக்கு அன்னிக்கு அப்படி ஆயிடுச்சுக்கா" என்று அம்சவல்லி ஆரம்பித்தாள்.

"வெயில் இல்லம்மா" என்று இராஜாங்கம் குறுக்கிட்டான். அந்த வாசலில் அவன் இறங்கியது அதுவே முதல் தடவை. "நான் தெரியாம முடுக்கிட்டேன். இவ மேல தப்பில்ல."

ரசியா பேகம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைய ரோட்டுல படுக்கப்போட்ட மவராசன் நீங்கதானா?" என்றார். சிரிப்பில் மூச்சு வாங்கியது. பிறகு அம்சவல்லியிடம் கை நீட்டினார். "போனக் குடுடி. மவன்கிட்ட நான் பேசுறேன்."

மணி அடித்தது. மகன் எடுத்தான்.

"வேற வண்டி வாணாம்ப்பா. செவ்வாக்கெழம அம்சவல்லிகூடத்தான் போவேன்… அதெல்லாம் சரியாயிடுச்சு. அவளே பாத்துட்டா."