டைப்ரைட்டிங்கா, டி.வி. ரிப்பேரா?

நாற்பது சொச்சம் பல், மை தோய்ந்த நாக்கு. கடித்தால் காகிதத்தில் எழுத்து விழும். அது என்ன? டைப்ரைட்டர். தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வதற்குள் வேலையே மாறிவிடும் தொழில் எங்களுடையது. சக வாத்தியார்களுக்கு இது புரியும்.

காற்றைத் தள்ளிய கை

என் வகுப்பில் விசைகளைப் பார்க்கக் கூடாது. கைகளின் மேல் துண்டைப் போர்த்திவிடுவேன். வரி முடிந்ததும் இடது கை தானாக எழுந்து, காகிதத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் லீவரைத் தள்ள வேண்டும். இதில் கெட்டிக்காரன் ரகு.

கரோல் பாக்கில் ஒரு கம்பெனிக்கு இண்டர்வியூ போனான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்களாம். வரி முடியும்போதெல்லாம் கை எழுந்து காற்றைத் தள்ளியிருக்கிறது. கடைசியில் அதிகாரியின் டீ கிளாஸ் கவிழ்ந்தது. திரும்பி வந்து என்னிடம் சொன்னான்: “நல்லாத்தான் கத்துக் குடுத்தீங்க, ஸார். அச்சா, மறக்கறதுக்கும் நீங்களே கத்துக் குடுங்க.”

இரவல் நாற்காலி

வீட்டுக்கு வீடு கலர் டி.வி. வந்த சமயம். பள்ளியில் டி.வி. ரிப்பேர் வகுப்பு தொடங்கினார்கள். பத்தாவது முடித்தவர்கள் இரண்டில் ஒன்றை எடுக்கலாம். ஆள் சேராவிட்டால் என் வகுப்பை மூடிவிடுவார்கள். அதனால் ஆள் பிடிக்கக் கிளம்பினேன்.

செல்வி, பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டுகிற பெண்; ரிப்பேர் படிக்கத்தான் அவளுக்கு ஆசை. அவள் அம்மா பொன்னி ஜங்புராவில் வீட்டு வேலை செய்பவர். தமிழ் ஜனங்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்தார். டைப் படித்தால் சர்க்கார் ஆபீஸ், தலைக்கு மேல் ஃபேன், பென்ஷன் என்று அடுக்கினேன். பொன்னிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நீங்க சொன்னா சரிதான், ஸார். உங்க பொண்ணும் டைப்புதானே படிக்குது?”

வரிசை

என் பெண் போய்க்கொண்டிருந்தது கம்ப்யூட்டர் கிளாஸுக்கு. பொன்னியிடம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.  வீட்டுக்கு வந்தால் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாடம் தேர்ந்தெடுக்கும் நாள் காலையில் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, என் பெண் படிப்பது கம்ப்யூட்டர் என்ற உண்மையைச் சொன்னேன். ரிப்பேரே எடு, அம்மாவிடம் நான் வந்து பேசுகிறேன் என்றேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. “வேணாம், ஸார். அம்மா கேம்ப் பூரா சொல்லிட்டாங்க, வேலை செய்யிற வீட்லயும் சொல்லிட்டாங்க. இப்ப மாத்துனா எல்லாரும் அவங்களப் பாத்துதான் சிரிப்பாங்க.”

பிரேயர் முடிந்ததும் பாடத்துக்கு ஒரு வரிசையாக நிற்கச் சொன்னார்கள். செல்வி டைப்ரைட்டிங் வரிசையில் நின்றாள்.