லோரியைத் தாண்ட ஒரு டர்போ

என் அண்ணி பவானேஸ்வரியைப் பற்றி எங்கள் ஊரான லூபோக் சீனாவின் கோப்பிக் கடையில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். அவர் காது கேட்க ஒரு விதம், கேட்காதபோது ஒரு விதம். இரண்டிலும் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்துவிடும். நாற்பது தாண்டிய பொம்பளைக்கு இரண்டு கதவுக் கார் எதற்கு என்பது அங்கே தீராத கவலை. வாங்கியது அண்ணி, பெட்ரோல் ஊற்றுவது அண்ணி, கழுவுவதும் அண்ணி. கவலைப்படுவது மட்டும் இவர்கள்.

அண்ணி ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளி முடித்ததும் மோட்டார் வேலை படிக்க ஆசைப்பட்டார். வீட்டில் தையல் வகுப்பில் சேர்த்துவிட்டு, "உன் நல்லதுக்குத்தான்" என்றார்கள். முதல் கார் வாங்கப் போனபோது அவருடைய மாமா கியர் மாற்றத் தேவையில்லாத வெள்ளைக் கார் ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதையே சொன்னார். என் அண்ணனும் சொல்லியிருக்கிறான், ஒரு முறை. அதற்குப் பிறகு அவன் சொன்னதில்லை. இன்று ஆயர் குரோ தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆண்களுக்கெல்லாம் அண்ணிதான் சூப்பர்வைசர். அங்கே அவருடைய நல்லதைப் பற்றிப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை.

நான் ஆயர் குரோவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். ஆகவே தினமும் காலையில் அந்தச் சிவப்புக் காரின் இடப்பக்க சீட்டு என்னுடையது. எங்கள் பாதையில் பாதி தூரம் ஒற்றைத் தடம். முன்னால் எப்போதும் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருக்கும்.

போன வருடம் அப்படி ஒரு லோரியைத் தாண்டப் போனோம். எதிரே ரோடு காலியாக இருந்தது. அண்ணி வெளியே எடுத்து மிதித்தார். கார் உறுமியது, ஆனால் இழுக்கவில்லை. லோரியின் பக்கத்திலேயே நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தபோது வளைவில் மணல் லோரி ஒன்று வந்துவிட்டது. அண்ணி பிரேக் போட்டுப் பின்வாங்கி, காரைப் புல்லில் இறக்கி நிறுத்தினார். அண்ணி ஸ்டியரிங்கை விடாமல், "இழுக்குறேன்னு சொல்லிச்சு, இழுக்கல" என்று மட்டும் சொன்னார்.

குற்றவாளி டர்போ. எஞ்சின் விடும் புகையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சாதனம் அது. காரை அண்ணிக்கு விற்றவன் அதைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தான். பெரிய டர்போ சுழல நேரம் எடுக்கும். சுழன்றுவிட்டால் பேய் இழுப்பு இழுக்கும், ஆனால் அதற்குள் மணல் லோரி வந்துவிடும். சின்னது மிதித்த உடனே இழுக்கும், உச்ச வேகத்தில்தான் மூச்சு வாங்கும். வேஸ்ட்கேட் என்று இன்னொன்றும் உண்டு. மிச்சப் புகையை டர்போவுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் கதவு. சின்ன டர்போவுக்குப் பெரிய கதவு வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி ஏறி எஞ்சினையே தின்றுவிடும். இதையெல்லாம் அண்ணி மாதக்கணக்கில் படித்தார், நான் காரில் உட்கார்ந்து கேட்டே தேறிவிட்டேன்.

ஆயர் குரோவில் நிவேந்திரன் என்ற மெக்கானிக் ஃபோர்மென் வைத்திருக்கும் வொர்க்ஷாப்பில் டர்போவை மாற்றும் வேலையை அண்ணி கொடுத்தார். கெட்டிக்காரப் பையன், அதில் பொய்யில்லை. சுவர் நிறையப் போட்டிகளில் வென்ற கோப்பைகள்.

"சின்ன டர்போ, பெரிய வேஸ்ட்கேட். அதோட பைப்ப எக்ஸோஸ்லயே திருப்பி சேத்துடு தம்பி. சத்தம் வரக்கூடாது, தாமான் வீடுங்கள்ல புள்ளைங்க தூங்கணும்" என்றார் அண்ணி.

"சின்னதா? அந்த காடிக்கா? குதிர சக்தி நம்பர் கம்மியா வரும்லா அக்கா. அடுத்த மாசம் கார் ஷோவுல என் ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தலாம்னு பாத்தேன்."

"ஷோவுக்கு நான் போகல. வேலைக்குப் போறேன்."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை காரை எடுத்தோம். வொர்க்ஷாப்புக்கு வெளியே உள்ள மேட்டில் அண்ணி மிதித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே வெறும் உறுமல், அதே காத்திருப்பு. பிறகு திடீரென்று முதுகில் ஒரு உதை. அதோடு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஊளை. முன்னைவிடப் பெரிய டர்போ, சின்ன வேஸ்ட்கேட், திறந்து விட்ட பைப். கேட்டதற்கு எல்லாம் நேர் எதிர்.

அண்ணி யூ டர்ன் அடித்து வந்து, வொர்க்ஷாப் வாசலில் காரைக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். உள்ளே இருந்த கார் வெளியே வர முடியாது, வெளியே இருக்கிற கார் உள்ளே போக முடியாது. கூட்டம் சேர்ந்தது. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நிவேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். "அக்கா, கோவப்படாதீங்க. நம்பர் எவ்ளோ வந்துச்சு தெரியுமா? உங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

பாவம், அவன் வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறு தம்பி."

"எங்கக்கா?"

"லூபோக் சீனா ரோடுக்கு. உன் டர்போ, உன் நம்பர். செம்பனை லோரிக்குப் பின்னால போவோம். எதிர்ல வண்டி வர்றப்போ நான் வெளிய எடுத்து மிதிக்கிறேன். நீ இங்க உக்காந்து எண்ணிக்கிட்டே வா, அது எப்ப இழுக்குதுன்னு."

நிவேந்திரன் அந்த சீட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உக்காரு," என்றேன். "தெனமும் நான் உக்கார்ற சீட்டுதான். ஒன்னும் கடிக்காது."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஏறவும் இல்லை. கோப்பைகளெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்தன. அவனாகவே கதவை மெதுவாகச் சாத்தினான்.

"சாவி குடுங்கக்கா. கழட்டிடுறேன்."

"சின்னது இருக்கா?"

"வரவழைக்கிறேன்."

"வந்தப்புறம் சாவி. அதுவரைக்கும் காடி இங்கயே நிக்கும்."

காடி அங்கேயே நின்றது. மத்தியானம் பெட்டி வந்தது. அண்ணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதைப் பிரித்து டர்போவைக் கையில் எடுத்துப் பார்த்து, வேஸ்ட்கேட்டின் வாயில் விரலை விட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அவன் வேலை செய்து முடிக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. முன்னால் செம்பனை லோரி, எதிரே காலி ரோடு. அண்ணி வெளியே எடுத்து மிதித்தார். ஊளை இல்லை, உதை இல்லை. கார் மிதித்த உடனே போனது, அவ்வளவுதான். போன வருடத்திலிருந்து, ஒவ்வொரு லோரியைத் தாண்டும்போதும் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மிதிக்கவில்லை.

வழியில் சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரிலிருந்த பையன் கண்ணாடியை இறக்கினான். "அக்கா, எத்தன குதிர?"

"எனக்குப் போதும்," என்றார் அண்ணி. பச்சை விழுந்தது.