மிஸ்ஸி கட்டிவிட்ட கயிறு

கம்பியைக் கூடுபோல வளைத்து, மேலே வெள்ளைத் துணி போர்த்திய சின்ன மூடி. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும். மயக்க மருந்தை அதன்மேல்தான் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. கீரிக் கடற்கரையில் மிதித்த திருக்கை மீனின் முள் பாதத்துக்குள் முறிந்து சீழ் கட்டிவிட்டது. மாமாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். காலைக் கீறுவது பற்றி எனக்குக் கவலையே இல்லை. மயங்கினால் திரும்பி வருவேனா என்பதுதான் பயம். தலைமாட்டில் நின்ற தாதியிடம் அதையே கேட்டேன். மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பொய் எதையும் அவர் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா என்ன தொழில்?"

"சங்கு குளிக்கிறவர்."

"அவர் அடியில போகேக்க ஆர் கயிறு பிடிக்கிறது?"

"மாமா."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கடலடிக்குப் போகிறவரின் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியில் நின்று மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காவை விதவையாக்க எந்தத் தம்பிக்கு மனம் வரும்?

மிஸ்ஸி நீளமான பன்டேஜ் துணியை என் மணிக்கட்டில் கட்டி, மறுநுனியைக் கதவிடுக்கு வழியாக வெளியே நின்ற மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். "இனி நீ சுழியோடலாம். மாமா பிடிச்சிருக்கிறார்."

நான் மகா கெட்டிக்காரி. மூடி முகத்துக்கு வந்ததும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அப்படியே அடக்கிக்கொண்டேன். சங்கு குளிக்கிறவரின் பிள்ளை வேறென்ன செய்யும்? டொக்டர் மருந்தை விட்டபடி இருக்கிறார், நான் கண் பிதுங்கக் கிடக்கிறேன். மிஸ்ஸிக்கு விளங்கியதும் சிரித்துவிட்டார். காதருகே குனிந்து, "இது வேற கடல், பிள்ளை. இங்க மூச்சு விட்டு விட்டுத்தான் போகவேணும்" என்றார்.

விட்டேன். இனிப்பும் எரிவுமாக ஒரு வாசனை. விளக்கு பச்சையாகிக் கலங்கியது. மிஸ்ஸியின் குரல் தோணியில் நின்று பேசுவதுபோல மேலே மேலே போனது. குளிராத தண்ணீர். மணிக்கட்டில் மட்டும் மெல்லிய இழுவை. அது இருந்தபடியால் அடிவரைக்கும் நிம்மதியாகப் போனேன்.

இப்போதெல்லாம் தாயையும் உள்ளே விடுகிறார்களாம், கைபேசியில் படம் காட்டுகிறார்களாம். நல்லதுதான். அந்த மிஸ்ஸியின் பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்று எனக்குத்தான் இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

கண் விழித்தபோது வார்டில் கிடந்தேன். கட்டிலருகே மாமா. பன்டேஜின் நுனியை இறுக்கிச் சுற்றியதில் அவருடைய விரல்கள் வெளிறிப் போயிருந்தன.

"மயங்கினதும் விட்டிடுங்கோ எண்டு சொன்னனான். இவர் கேக்கேல்ல" என்று மிஸ்ஸி முறையிட்டார்.

மாமா அவரை விளங்காமல் பார்த்தார்.

"பிள்ளை கீழ நிக்கேக்க எப்பிடி மிஸ்ஸி விடுறது?"