என் பொட்டு, சாகுலின் பெயர்

சாகுல் ஹமீது போய்விட்டான் என்ற செய்தி டிராம்பே பஸ்ஸில் எனக்கு வந்தது. அலுவலக வாட்ஸாப் குழுவில் ஒரே வரி. மாரடைப்பு. பஸ் செம்பூரைத் தாண்டுவதற்குள் மூன்று வாடிக்கையாளர்கள் போன் செய்துவிட்டார்கள். மூவருக்கும் ஒரே கவலை: இனிமேல் எங்கள் சர்வரை யார் பார்ப்பார்கள்? அவனுக்கு முன்பே குர்லா அலுவலகத்தில் சேர்ந்தவள் நான். அதே சர்வர்களை நானும்தான் பார்க்கிறேன். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவனை அறிந்த உங்களிடம் இதை மறைப்பானேன்?

இறந்தவரை ‘அவன்’ என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள். என்னைவிட இளையவன். தாராவியில் வளர்ந்தும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவன். அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என்னை முந்திப்போனவன்.

பழைய கம்ப்யூட்டர் சர்வர்களை ஓடவைப்பது எங்கள் வேலை. அவற்றில் தகவல் நான்கைந்து டிஸ்க்குகளில் பிரிந்து கிடக்கும். சேர்த்துப் படிப்பதற்கு ரெய்டு கார்டு என்று ஒன்று உண்டு. அது செத்தால், அதே ரகக் கார்டைத் தேடிப் போட்டு, டிஸ்க்குகளைப் பழைய வரிசையிலேயே செருக வேண்டும். புதுக் கார்டுக்கு அந்த டிஸ்க்குகள் அந்நியம். இருப்பதை ஏற்கவா, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்கும். அங்கே கை தவறினால் எல்லாம் போச்சு.

“கார்டு கேட்ட ஒடனே ஆமான்னு அமுக்கிராதீய. டிஸ்க்கு போனா வேற வாங்கலாம்க்கா, வரிசை போனா எந்தக் கடையில வாங்குவீய?” என்பான் சாகுல். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவன் சொன்னால்தான் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

செம்பூரில் ஒரு டாக்டரம்மா நடத்தும் கண் மருத்துவமனை. முதல் தடவை அங்கே கார்டு மாற்றப் போனபோது, டிஸ்க்குகளில் அடையாளம் போட வைத்திருந்த பேனா எழுதவில்லை. “அக்கா, ஒங்க பையில பொட்டு இருக்கும்லா, குடுங்க” என்றான். என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு நிறமாக ஒட்டினான். வேலை கச்சிதமாக முடிந்தது. அன்றிலிருந்து டாக்டரம்மாவுக்கு அவன் ‘பிந்தி வாலா சாப்’, பொட்டுக்கார சார். அந்தப் பெயர் கல்யாண் வாடிக்கையாளர்கள் வரைக்கும் பரவியது. பொட்டு என்னுடையது! மாட்டுங்கா மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கியது. அதற்குப் பிறகு போகுமிடமெல்லாம் என் அட்டைதான் காலியானது.

அவனை அடக்கம் செய்த மறுவாரம் அதே மருத்துவமனையில் கார்டு மறுபடி செத்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்த எலக்ட்ரீஷியன், நல்லெண்ணத்தில், டிஸ்க்குகளை உருவித் துடைத்து மேசையில் அடுக்கிவைத்திருந்தார். நான்கிலும் ஒரே மாதிரி பெரிய சிவப்புப் பொட்டு.

“பழசெல்லாம் வெளுத்துப்போச்சு மேடம். ஆயுத பூஜைக்கு நான்தான் புதுசா வச்சேன்” என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண், பெருமையாக.

அங்கே வரும் நோயாளிகள் அத்தனை பேரின் கண் படங்களும் அந்த டிஸ்க்குகளில். பேக்கப் எப்போதோ நின்றுபோயிருந்தது. “சாப் இருந்திருந்தா...” என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. 

ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் சின்னதாகப் பச்சை. அந்தப் பெண் பழையதை எடுக்காமல் மேலேயே ஒட்டியிருக்கிறாள்! மற்றவற்றின் அடியில் நீலம், கறுப்பு, மெரூன். ஆனால் எந்த நிறம் எந்த இடம்? பையைத் திறந்து அட்டையை எடுத்தேன். நான் எப்போதும் வாங்கும் அதே அட்டை: கறுப்பு, மெரூன், பச்சை, நீலம். சாகுல் இடது ஓரத்திலிருந்து வரிசையாகத்தான் பிய்த்து, முதல் டிஸ்க்கிலிருந்து ஒட்டிக்கொண்டே போவான். என் மெரூனை ஏன் எடுக்கிறாய் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! கொண்டுபோயிருந்த அதே ரகக் கார்டைப் பொருத்தி, டிஸ்க்குகளை அந்த வரிசையிலேயே செருகினேன். கார்டு தன் கேள்வியைக் கேட்டது. உடனே ஆமா சொல்லவில்லை. நிதானமாகப் படித்து, இருப்பதை ஏற்கச் சொன்னேன். கண் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்தியா லலிதா, போனப்புறமும் நம்ம பிந்தி வாலா சாப்தான் காப்பாத்தியிருக்கார்!”

வாஷ்ரூமுக்குப் போய் அழுதேன். அவனுக்காகத்தான் அழுதேன், வயிற்றெரிச்சலோடு.

அந்தப் பொறாமை இன்னும் அப்படியே இருக்கிறது. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். பொட்டு அட்டையும் பையில் இருக்கிறது. இப்போதெல்லாம் நெற்றிக்கு வைப்பதற்கும் நான் இடது ஓரத்திலிருந்துதான் பிய்க்கிறேன். கறுப்புக்கு அடுத்து என் மெரூன்தான் போகிறது. சண்டை போடத்தான் ஆளில்லை.